செற்றியைத் தூக்கி எறியுமுன் கவிழ்த்துப் பாருங்கள்

புலம்பெயர்ந்து வந்த எம்மவரிடம் உங்கள் வீட்டுக்கு முதல் செற்றி எப்படி வந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்த காலத்தில், வெள்ளைக்காரர் யாரோ வீதியோரம் போட்டுவிட்டுப் போன செற்றியை இரவோடு இரவாகத் தூக்கி வந்திருப்பார்கள். பகலில் அது செற்றி, இரவில் ஒருவருக்குக் கட்டில். பிறகு கல்யாணம், பிள்ளைகள், சொந்த வீடு என்று வந்தபோது மாதத் தவணையில் புதுச் செற்றியும் வந்தது. அது ஊத்தையாகக் கூடாதென்று கடைக்காரன் சுற்றிக் கொடுத்த பிளாஸ்ரிக் உறையைக் கழற்றாமலே இரண்டு வருடம் இருந்த வீடுகளும் உண்டு. கோடையில் எழும்பினால் கால் ஒட்டிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் கடைசிவரை மிஞ்சியது ஒரு தனிக்கதிரை. இரண்டு பக்கமும் காது வைத்த, உயர்ந்த முதுகுள்ள கதிரை. 1989 இல் அப்பா அதைப் பழைய சாமான் கடையொன்றில் வாங்கினார். ஊரில் விட்டுவந்த சாய்மனைக் கதிரைக்குப் பதிலாகத்தான் வாங்கினார் என்று அம்மா சொல்வா. அதில் இருந்துதான் செய்தி கேட்டார், ஊருக்குத் தொலைபேசி எடுத்தார், கடைசி மாதங்களில் நித்திரையும் கொண்டார். அவர் போன பிறகு கதிரை சுவரோரம் கிடந்தது. இருக்கை ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. வலது கைப்பிடியில் சீலை தேய்ந்து நூல் தெரிந்தது. மாநகரசபைக்குச் சொன்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்றார் அண்ணா. அம்மா ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதைத் திருத்தலாமா என்று கேட்கத்தான் கிழக்கு லண்டனில் குசன் வேலை செய்யும் எம்மவர் ஒருவரிடம் போனேன். ஒரு கேள்விக்காகப் போன நான், பல சனிக்கிழமைகள் அவருடைய பட்டறையில் குந்தியிருந்து பார்த்தேன். நாம் தினமும் இருந்து எழும்பும் ஒரு பொருளுக்குள் என்ன இருக்கிறது, அதைச் செய்பவர் எம்மிடம் என்ன எதிர்பார்க்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் தெரிய வந்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வந்தேறிகளின் தொழில்

ஊரில் இதைக் குசன் வேலை என்போம். யாழ்ப்பாணத்தில் இந்த வேலைக்காரர்கள் வீட்டுக் கதிரையைவிட வாகனங்களைத்தான் கூடுதலாகக் கண்டிருப்பார்கள். ஒஸ்ரின், மொறிஸ் என்று பிரித்தானியா தன் வீதிகளில் மறந்துவிட்ட கார்களை நாம் பல பத்தாண்டுகள் ஓட்டினோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓட்டினோம். அவற்றின் இருக்கைகளுக்குத் தும்பு அடைத்து, றெக்சின் போட்டுத் தைத்தவர்கள் இவர்கள். எமது அண்ணையும் அப்படியொரு கடையில் பதினாறு வயதில் கையாளாக நின்றவர். லண்டன் வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டு, பகலில் ஒரு தளபாடப் பட்டறையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தார். அங்கிருந்த முதிய யூத முதலாளி, இவர் ஆணி பிடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டுத் தும்புத்தடியை வாங்கிவைத்துவிட்டுச் சுத்தியலைக் கொடுத்தாராம்.

அது தற்செயல் அல்ல. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஷோர்டிச், பெத்னல் கிறீன் ஆகிய இடங்கள் ஒருகாலத்தில் தளபாடத் தொழிலின் நடுவிடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பேரரசின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள் பெருமளவில் தையலிலும் தளபாட வேலையிலும் இறங்கினார்கள். அவர்களுக்கு முன்னர் பிரான்சிலிருந்து மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்த ஹியூகனோக்கள் அதே தெருக்களில் பட்டு நெய்தார்கள். அந்தத் துணிகள் பணக்கார வீட்டுக் கதிரைகளை மூடின. மொழி தெரியாமல் வந்தவனுக்குக் கைதான் மூலதனம். 1914 இல் ஷோர்டிச்சில் பழைய ஆதரவற்றோர் இல்லக் கட்டிடத்தில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டதே, சுற்றியிருந்த தளபாடத் தொழிலாளர் நல்ல வேலைப்பாடுகளைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்று அது வீடு பற்றிய அருங்காட்சியகமாக இருக்கிறது. பட்டறைகள் இருந்த கட்டிடங்களில் கோப்பிக் கடைகளும் அலுவலகங்களும் இருக்கின்றன.

தொழில் அதற்கும் பழையது. லண்டனில் இத்தொழிலாளரின் சங்கத்துக்கு 1626 இல் அரச சாசனம் கிடைத்தது. இப்போது இத்தொழில் செய்வோரின் தேசியச் சங்கம் 1947 இல் உருவானது. சங்கத்தின் பயிற்சிப் பள்ளிகளில் இன்று சேர்பவர்களில் நடுவயதில் அலுவலக வேலையை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. எம்மவர் பிள்ளைகள் அங்கே போவதாக அண்ணை கேள்விப்படவில்லை. தன் மகனும் கணக்காளர்தான் என்று சொல்லிவிட்டு, "நல்லதுதானே" என்றார்.

கதிரைக்குள் என்ன இருக்கிறது?

பழைய முறையில் செய்த கதிரையை அடியிலிருந்து மேலே பார்ப்போம்.

முதலில் மரச்சட்டம். இந்நாட்டில் பெரும்பாலும் பீச் மரம். ஆணியை நன்றாகப் பிடிக்கும், எளிதில் வெடிக்காது. சட்டத்தின் அடியில் சணல் பட்டிகளைப் பாய் பின்னுவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து அடிப்பார்கள். கையால் மட்டும் இழுத்தால் போதாது. அதற்கென ஒரு மரக்கட்டை உண்டு. பட்டியை அதில் கோத்து நெம்பி இறுக்கி, தட்டினால் பறைபோல் சத்தம் வரும்வரை இழுப்பார்கள்.

அந்தப் பட்டியின் மேல் சுருள் ஸ்பிரிங்குகளைத் தைப்பார்கள். ஒரு தனிக்கதிரைக்கு ஒன்பது, சில வேளை பன்னிரண்டு. பிறகு தடித்த கயிற்றால் முன்னிருந்து பின்னுக்கும் இடமிருந்து வலத்துக்கும் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் அமுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். இந்தக் கட்டில்தான் கதிரையின் ஆயுள் இருக்கிறது. ஒரு கயிறு அறுந்தால் பக்கத்து ஸ்பிரிங் சரியும். அதன் சுமை அடுத்ததில் விழும். எங்கள் அப்பாவின் கதிரை ஒரு பக்கம் தாழ்ந்ததும் இப்படித்தான்.

ஸ்பிரிங்கின் மேல் சணல் சாக்கு. அதன் மேல் தும்பு, ஆம், எங்கள் தென்னந்தும்பு. இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது. தென்னிலங்கை ஆலைகளில் மட்டையை ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் தும்பில் நீளமானது தூரிகைக்கும் துடைப்பத்துக்கும் போகும். குட்டையானதற்கு வியாபாரத்தில் பெயரே மெத்தைத் தும்பு. இலங்கை நெடுங்காலமாக உலகச் சந்தைக்கு அனுப்பிவரும் பொருள் அது. ஆங்கிலேயரின் வரவேற்பறைக் கதிரைகளுக்குள், நாம் இங்கே வருவதற்குப் பல தலைமுறைக்கு முன்னரே, எங்கள் பக்கத்துத் தென்னையின் தும்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

தும்பை மெல்லிய சாக்கால் மூடி, இரண்டு முனையும் கூரான நீண்ட ஊசியால் விளிம்பைச் சுற்றித் தைப்பார்கள். அந்தத் தையல்தான் விளிம்புக்கு உறுதி கொடுக்கிறது. பல ஆண்டுகள் இருந்தாலும் முன்விளிம்பு நசியாமல் நிற்கும். அதன் மேல் குதிரைமயிர். அதற்கு மேல் பஞ்சுத்தாள், வெள்ளைப் பருத்திச்சீலை, கடைசியாக நாம் பார்க்கும் மேல்துணி. நாம் கடையில் விரலால் தடவிப் பார்த்துப் பணம் கொடுப்பது அந்தக் கடைசிப் படைக்குத்தான்.

இன்றைய செற்றிகள் வேறு மாதிரி. சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் பாம்புபோல் வளைந்த கம்பி ஸ்பிரிங். தும்புக்கும் மயிருக்கும் பதில் நுரை. ஆணிக்குப் பதில் காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கும் கிளிப். இதைக் குறை சொல்வதற்கில்லை. நல்ல நுரையும் நல்ல சட்டமும் இருந்தால் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் மலிவுச் செற்றிகளில் சட்டம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அதில் கிளிப் ஒருமுறைதான் பிடிக்கும். கழற்றினால் ஓட்டை பொடியாகிவிடும்.

பட்டறையில் ஒரு நாள்

காலையில் முதல் வேலை பிரித்தல். உளிபோன்ற ஒரு கருவியை மரச்சுத்தியலால் தட்டி, ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்புவார். முகமூடி போடாமல் இதைச் செய்யக்கூடாது. பல வருடத் தூசி, மனிதத் தோல், நாய்மயிர் எல்லாம் அதற்குள் இருக்கும். கழற்றிய மேல்துணியை எறிய மாட்டார். ஒவ்வொரு துண்டிலும் சோக்கால் முன்முதுகு, வெளிக்கை, உள்கை என்று எழுதி வைப்பார். புதுத்துணியை வெட்ட அதுதான் அளவு.

பிரிக்கும்போது எத்தனையோ பொருள்கள் வரும். சில்லறைக் காசு, பேனை, தோட்டின் சுரை, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான், பழைய பேருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக் கட்டி, கதிரையோடு திருப்பிக் கொடுப்பார். ஐந்து சதக் காசாக இருந்தாலும் கொடுப்பார். "ஐஞ்சு சதத்தை எடுத்தவன் தோட்டையும் எடுத்திருப்பான் எண்டு சனம் நினைக்கும்" என்றார். ஒரு தொழிலாளி தன் பெயரைக் காப்பது இப்படித்தான்.

ஆணி அடிக்கும் சுத்தியலின் ஒரு முகத்தில் காந்தம் உண்டு. முதிய முதலாளி காலத்தில் ஆணிகளை வாயில் போட்டு, நாக்கால் திருப்பி, சுத்தியலின் காந்த முகத்தில் ஒவ்வொன்றாக வைப்பார்களாம். அதற்காகவே கிருமி நீக்கிய ஆணி விற்றார்கள். அண்ணையும் அப்படித்தான் பழகினார். பல் தேய்ந்ததைக் கண்டு பல்வைத்தியர் ஏசியதன் பின் விட்டுவிட்டார்.

துணியை இழுத்து முதலில் ஆணியை அரைவாசிதான் அடிப்பார். நான்கு பக்கமும் அப்படி நிறுத்திவிட்டு, தள்ளி நின்று பார்ப்பார். கோடு வளைந்திருந்தால் ஆணியைப் பிடுங்கித் திரும்ப இழுப்பார். திருப்தியான பிறகுதான் முழுதாக அடிப்பார். எங்கள் கதிரை போன்ற ஒன்றைப் பழைய முறையில் முழுதாகச் செய்ய ஒரு வாரத்தின் பெரும்பகுதி போய்விடும். ஆனால் சாப்பாட்டு மேசைக் கதிரையின் கழற்றி மாட்டும் இருக்கையை ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்.

வாடிக்கையாளரிடம் கேட்கும் கேள்விகள்

பெரும்பாலானவர்கள் இப்போது வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டு விலை கேட்கிறார்கள். அண்ணை படத்துக்கு விலை சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பார், அல்லது கதிரையைக் கொண்டுவரச் சொல்வார். முதலில் அதைக் கவிழ்ப்பார். கைப்பிடியைப் பிடித்து ஆட்டுவார். இருக்கையில் முழங்காலை ஊன்றுவார். பிறகுதான் கேள்விகள் தொடங்கும். யார் இதில் இருப்பது? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? பூனை உண்டா? முழங்கால் வருத்தம் உள்ளவர் இருப்பாரா? முழங்கால் நோவுள்ளவருக்கு மெத்தென்று புதையும் இருக்கை எதிரி. எழும்ப முடியாது. அவர்களுக்கு நுரையைக் கடினமாக்கி, இருக்கையைச் சற்று உயர்த்திக் கொடுப்பார்.

எம்மவர் வீடென்றால் இன்னொரு கேள்வியும் கேட்பார். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சாயும் ஆள் யார்? முதுகின் மேற்பகுதியில் எண்ணெய் இறங்கினால் எந்தத் துணியும் தப்பாது. அந்த இடத்துக்கு மட்டும் கழற்றித் தோய்க்கக்கூடிய ஒரு சிறிய உறையை அதே துணியில் தைத்துக் கொடுப்பார். மஞ்சள் கறையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். வெளிர்நிறத் துணியைக் கேட்கும் குடும்பத்திடம், "சோறு எங்க இருந்து சாப்பிடுறனீங்கள்?" என்று கேட்பார். தொலைக்காட்சிக்கு முன்னால் என்று பதில் வந்தால் கடுமையான நிறத்தைக் காட்டுவார்.

துணி தெரிவதிலும் நாம் அறிய வேண்டியவை உண்டு. துணி எவ்வளவு உராய்வைத் தாங்கும் என்பதை மாட்டின்டேல் என்ற சோதனையால் அளக்கிறார்கள். தினமும் பாவிக்கும் வீட்டுச் செற்றிக்கு 15,000 முதல் 25,000 வரை போதும். உணவகம், அலுவலகம் போன்ற இடங்களுக்கு 30,000 க்கு மேல் வேண்டும். விலை கூடிய துணி எல்லாம் வலிமையான துணி அல்ல. சில பட்டுகள் பார்ப்பதற்கு மட்டும்தான். குசன் நுரையைப் பொறுத்தவரை கடினம் வேறு, அடர்த்தி வேறு. இருக்கும்போது கையில் காலில் தெரிவது கடினம். எத்தனை வருடம் உழைக்கும் என்பதைச் சொல்வது அடர்த்தி. கன மீற்றருக்கு 35 முதல் 40 கிலோ அடர்த்தியுள்ள நுரை என்றால் இருக்கைக்கு நல்லது.

துணியின் அளவிலும் தகராறு வருவதுண்டு. தளபாடத் துணி ஏறத்தாழ 140 சென்ரிமீற்றர் அகலம். காது வைத்த கதிரைக்கு ஐந்தாறு மீற்றர் தேவை. மூன்று பேர் இருக்கும் செற்றிக்கு பன்னிரண்டு, பதினாலு மீற்றர் வரை போகும். பெரிய பூப்போட்ட துணியென்றால் இன்னும் கூடும். ஏனென்றால் பூ ஒவ்வொரு குசனின் நடுவிலும் வரவேண்டும், முதுகிலிருந்து இருக்கைக்கு ஒரே கோட்டில் இறங்க வேண்டும். வெல்வெற்றில் மயிர் எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் படுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நிறம்போல் தெரியும். சேலை எடுக்கும்போது கரையையும் முந்தானையையும் அவ்வளவு பார்க்கும் எங்கள் பெண்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது என்பார். "ஆம்பிளையள்தான் மிச்சத் துணி எங்க எண்டு கேப்பினம்."

விலையில் அதிகம் துணியல்ல, நேரம்தான். இதை ஒத்துக்கொள்ள எமக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெள்ளைக்காரர் விலையைக் கேட்டு, யோசித்து, ஆம் அல்லது இல்லை என்பார்கள். எம்மவர் "அண்ணை, எங்கட ஆக்கள்தானே" என்று தொடங்குவார்கள். அவர் கோபிப்பதில்லை. ஆனால் உழைப்பில் குறைப்பதுமில்லை. துணியை மலிவாக எங்கே வாங்கலாம் என்று சொல்லிக் கொடுப்பார். கையில் காசில்லாதவர் என்று தெரிந்தால் இரண்டு மூன்று முறையாக வாங்குவார். அந்தக் கணக்கு எழுதிய கொப்பியை எவருக்கும் காட்டியதில்லை.

அந்தச் சின்னத் துண்டுச்சீலை

செற்றிக் குசனின் அடியில் தைத்திருக்கும் ஒரு துண்டுச்சீலையை நம்மில் பலர் குத்துகிறதென்று வெட்டி எறிந்திருப்போம். அதன் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன.

1979 மே மாதம் மன்செஸ்ரர் நகர மத்தியிலிருந்த வூல்வேர்த் கடையின் தளபாடப் பகுதியில் தீப்பிடித்தது. பத்துப் பேர் இறந்தார்கள். அக்காலத்துப் பொலியூரித்தேன் நுரை தீப்பற்றினால் மிக வேகமாக எரியும். கறுத்த நச்சுப்புகை சில நிமிடங்களில் இடத்தை நிரப்பிவிடும். வீடுகளிலும் இவ்வாறான தீ விபத்துகள் தொடர்ந்தன. தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் வற்புறுத்தியதன் பின், 1988 இல் பிரித்தானியா தளபாடத் தீப்பாதுகாப்புச் சட்டவிதிகளைக் கொண்டுவந்தது. நிரப்பும் நுரையும் மேல்துணியும் சிகரெட், தீக்குச்சிச் சோதனைகளில் தேற வேண்டும். 1993 மார்ச்சிலிருந்து பழைய தளபாடம் விற்கும் வியாபாரிகளையும் இது கட்டுப்படுத்தியது.

அந்தத் துண்டுச்சீலைதான் சோதனைக்குச் சாட்சி. அது இல்லாத செற்றியைத் தொண்டுக் கடைகள் வாங்க மாட்டா. ஐரோப்பாக் கண்டத்து நாடுகள் பலவற்றில் வீட்டுத் தளபாடத்துக்கு இவ்வளவு கடுமையான விதி இல்லை. பிரான்சிலோ ஜேர்மனியிலோ இருந்து வீடு மாறி வருபவர்கள் தங்கள் செற்றியில் இந்தச் சீட்டைக் காணாவிட்டால் வியப்படைய வேண்டாம். ஆனால் அதை இங்கே கடைக்கு விற்க முடியாது என்பதை அறிந்திருங்கள்.

கதிரையைத் திருத்தும்போதும் இந்த விதி பொருந்தும். போடும் நுரையும் துணியும் விதிப்படி இருக்க வேண்டும். பருத்தி, லினன், கம்பளி, பட்டு போன்றவை எடையில் 75 வீதத்துக்குக் குறையாத துணியென்றால், தீயெதிர்ப்புள்ள உட்சீலை ஒன்றை அதன் கீழ் போட்டுச் செய்யலாம். 1950 ஜனவரி 1 க்கு முன் செய்யப்பட்ட தளபாடங்களுக்கு விலக்கு உண்டு.

அண்ணையிடம் ஒருவர் வந்தார். சாமத்திய வீடுகளுக்கும் கல்யாணங்களுக்கும் மணவறைச் செற்றி வாடகைக்குக் கொடுப்பவர். வெளிநாட்டில் மலிவாக வாங்கிய சிவப்புத் துணியும் நுரையும் கொண்டுவந்து, இதைப் போட்டு அடித்துத் தந்தால் போதும் என்றார். துணியின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடுங்கி வெளியே கொண்டுபோய்க் கொளுத்திக் காட்டினார் அண்ணை. அது உருகிச் சொட்டிக்கொண்டு எரிந்தது. "இதுக்கு ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு வைப்பியள். நடுவில ஒரு பிள்ளை இருக்கும்" என்றார். வந்தவர் இன்னொரு இடம் பார்க்கிறேன் என்று போய்விட்டார். அந்த மாதம் அண்ணைக்கு வேலை குறைவு என்பது எனக்குத் தெரியும்.

செய்யலாம், ஆனால் செய்யக்கூடாது

வருகிற வேலையை எல்லாம் அவர் ஏற்பதில்லை. ஒரு குடும்பம் தோல் உரியும் செற்றியோடு வந்தது. அசல் தோல் என்று நம்பி வாங்கியது, தோல்துகளை ஒட்டி மேலே பிளாஸ்ரிக் பூசிய துணி. அது ஒருமுறை உரியத் தொடங்கினால் நிற்பாட்ட வழியில்லை. கவிழ்த்துப் பார்த்தால் சட்டமும் மரத்தூள் பலகை. "தம்பி, நான் செய்யலாம். ஆனா செய்யக்கூடாது. நான் கேக்கிற காசுக்கு உங்களுக்குப் புதுசு வரும்" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் அடுத்த வருடம் பாட்டியின் ஆறு சாப்பாட்டுக் கதிரைகளோடு திரும்பி வந்தார்கள். விளம்பரம் எதுவும் இல்லாமல் அவருக்கு வாடிக்கையாளர் சேர்ந்தது இப்படித்தான்.

எறிவதும் முன்புபோல் எளிதல்ல. பழைய நுரைகளிலும் துணிகளிலும் தீயைத் தடுக்கச் சேர்த்த சில இரசாயனங்கள் மண்ணில் அழியாமல் நிலைப்பவை என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே 2023 முதல் இங்கிலாந்தில் இவ்வகை இரசாயனம் இருக்கக்கூடிய செற்றி, குசன் கதிரைகளைக் குப்பைமேட்டில் புதைக்க விடுவதில்லை. தனியாகச் சேர்த்து எரிக்க வேண்டும். உயிரைக் காக்கப் போட்ட மருந்தே பின்னர் நஞ்சானது. இதைச் சொல்லும்போது அண்ணை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். முப்பது வருடமாக அந்தத் தூசிக்குள் நின்றவர் அவர்.

அப்பாவின் கதிரை

எங்கள் கதிரையைக் கொண்டுபோன அன்று அம்மாவும் வந்தா. அண்ணை வழக்கம்போலக் கவிழ்த்தார், ஆட்டினார், முழங்காலை ஊன்றினார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"அக்கா, இதில இனி ஆர் இருக்கப் போகினம்?"

இரண்டு வருடமாக வீட்டில் நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. "நான்தான் இருக்கோணும், தம்பி. எனக்கு அது கொஞ்சம் உயரம்" என்றா.

அதன்பின் வேலை எளிதாகிவிட்டது. காலை வெட்ட வேண்டாம், இருக்கையின் அடைப்பைக் குறைத்துப் பதித்துத் தருகிறேன் என்றார். வலது கைப்பிடியின் தேய்ந்த சீலையை என்ன செய்வதென்று கேட்டார். வைத்திருக்கலாமா என்று நான் இழுத்தேன். வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றா அம்மா. ஆனால் அதன் கீழ் இருந்த மயிரை மாற்றவில்லை. அப்பாவின் கை அமுக்கிய பள்ளத்தைச் சற்று நிரவிவிட்டு, அதன் மேலேயே புதுச்சீலை போட்டார். இருக்கையின் குதிரைமயிரைக் கழுவி, பன்னி, திரும்பப் பாவித்தார். நல்ல மயிரைப் பல தலைமுறைக்குப் பாவிக்கலாமாம்.

பிரித்தபோது சட்டத்தின் உட்புறத்தில் பென்சிலால் இரண்டு எழுத்தும் 1936 என்ற ஆண்டும் எழுதியிருந்தது. முன்னொரு காலத்தில் இதைச் செய்த ஒருவரின் கையெழுத்து. இத்தொழிலில் அது வழக்கம். துணி மூடினால் எவரும் பார்க்க மாட்டார்கள், அடுத்த முறை பிரிப்பவர் மட்டும் பார்ப்பார். அதன் கீழ் அண்ணை எழுதத் தொடங்கியபோது, அப்பாவின் பெயரையும் எழுதட்டோ என்று அம்மாவைக் கேட்டார்.

"வேண்டாம் தம்பி. உங்கட பேரை எழுதுங்கோ. செய்தது நீங்கள்தானே."

அவர் தமிழில் எழுதினார். பெயரும் ஊரும் ஆண்டும்.

கதிரை இப்போது யன்னலோரம் இருக்கிறது. அம்மா அதில் இருந்து கீரை ஆய்வா, தொலைபேசியில் கதைப்பா. எறியச் சொன்ன அண்ணா வரும்போது அம்மா எழும்பி இடம் கொடுத்தால், "இல்லை, நீங்கள் இருங்கோ" என்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கதிரை கிடந்தால், எறியுமுன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். சட்டம் அசல் மரமா, ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். அடியில் சீட்டு இருந்தால் வெட்டாதீர்கள். வேலைக்காரரிடம் கொடுப்பதாயின், போடப்போகும் நுரையும் துணியும் உங்கள் நாட்டின் தீப்பாதுகாப்பு விதிப்படியானவையா என்று கேளுங்கள். என்னென்ன மாற்றுவார், துணி எத்தனை மீற்றர், எப்போது தருவார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். படத்தைப் பார்த்து உடனே விலை சொல்பவரைவிட, வந்து கவிழ்த்துப் பார்த்து, யார் இருக்கப் போகிறார்கள் என்று கேட்பவரை நம்புங்கள். அவர் சொல்லும் கூலியைக் கேட்டு வாயைப் பிளக்குமுன், அது எத்தனை நாள் வேலை என்றும் கேளுங்கள்.